26 பிஷப்புகளுக்குப் பிரபுக்கள் சபையில் என்ன வேலை?

கணக்கன் (ஹாரோ) | 20 செப்டம்பர் 2025, காலை 10.12

பிரிட்டன் எம்.பி. கிம் லெட்பீட்டரின் மசோதா நேற்று பிரபுக்கள் சபையில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று டாக்டர்கள் கைவிரித்த நோயாளி, விரும்பினால் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளலாம் என்கிற மசோதா. ஜூன் 20 அன்று எம்.பி.க்களின் சபையான காமன்ஸில் 314க்கு 291 என்று நிறைவேறியது. வித்தியாசம் 23.

இப்போது அது வந்து சேர்ந்திருக்கும் சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகளுக்கு மட்டும் 26 இடம். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை. கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் ஐந்துக்கும் பதவியோடு சேர்த்தே இருக்கை. மற்ற 21 பேர் சீனியாரிட்டிப்படி வருவார்கள். 2015 முதல் பெண் பிஷப்புகளுக்கு முன்னுரிமை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். அதென்ன 26 என்று தேடினால், 1847இல் மான்செஸ்டருக்குப் புதிதாக ஒரு பிஷப் வேண்டும் என்று சட்டம் போட்டபோது, சபைக்குள் இதற்கு மேல் ஆள் கூடாது என்று நிறுத்திய எண்ணாம் அது. விக்டோரியா மகாராணி காலத்துக் கணக்கு.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு ஒரு பிஷப்பும் கிடையாது. கிளாஸ்கோவில் இருப்பவனுக்கும் சேர்த்து வரும் சட்டங்களில் வின்செஸ்டர் பிஷப் வாக்களிக்கலாம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்னைக் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம். ஆங்கிலிக்கன் மட்டும் இல்லை, எல்லாச் சபையும் சேர்த்து.

உலகத்தில் மதகுருமாருக்குச் சட்டமன்றத்தில் இடம் கொடுத்த இன்னொரு நாடு ஈரான் என்பார்கள். நாம் எந்த நாட்டுக்கு விமானம் ஏறி வந்தோம்?

வன்னிமகள் | 20 செப்டம்பர், மதியம் 1.05

தம்பி கணக்கன், நான் சைவக்காரி. எண்டாலும் அந்த 26 பேரும் அங்கயே இருக்கட்டும் எண்டுதான் சொல்லுவன்.

2022 ஜூன் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? அகதியளை ருவாண்டாவுக்கு ஏத்தப்போறம் எண்டு முதல் பிளேனை நிப்பாட்டி வைச்சிருந்த கிழமை. என்ட தமக்கையின்ர மகன் அப்ப ஒரு ஹோட்டல் அறையில நாலு பேரோட. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்ல, ஃபோன் அடிச்சாலே பயம். அந்தக் கிழமைதான் சபையில அப்ப இருந்த 25 பிஷப்மாரும், ஒருத்தர் மிச்சமில்லாமல், இது ஒழுக்கமில்லாத கொள்கை, பிரித்தானியாவுக்கே வெட்கம் எண்டு டைம்ஸ் பேப்பருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினவை. அடுத்த வருஷம் சட்டவிரோதக் குடியேற்ற மசோதா வரேக்க, அப்ப கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்த வெல்பி சபைக்குள்ளயே எழும்பி எதிர்த்தவர்.

எங்கட ஏரியா எம்பிக்கு நான் எழுதின மூண்டு கடிதத்துக்கும் அச்சடிச்ச ஒரே பதில்தான் வந்தது. ஓட்டுப் போட்டவனுக்குப் பயப்பிடுறவன் ஓட்டில்லாதவனைப் பற்றிக் கதைக்க மாட்டான். இவை கதைக்கினம், ஏனெண்டா ஒருத்தருக்கும் பயப்பிடத் தேவையில்லை.

கணக்கன் | 20 செப்டம்பர், மதியம் 1.31

அக்கா, அந்தக் கடிதம் நல்ல கடிதம். நானும் படித்தேன். ஆனால் அது கடிதம்தானே? பத்திரிகைக்கு எழுத சபையில் இருக்கை எதற்கு?

லெஸ்டர் லிங்கம் | 20 செப்டம்பர், மாலை 6.48

முதலில் ஒரு பிழையைத் திருத்துகிறேன். ஈரானில் பாராளுமன்றத்துக்கு ஆட்களை அனுப்புவது தேர்தல்தான். அங்கே பூட்டுப் போடுவது காவல் மன்றம். 12 பேரில் 6 பேர் உச்சத் தலைவர் நியமிக்கும் மதகுருமார், அவர்கள் ஒரு சட்டத்தையே கிடப்பில் போடலாம். இங்கே பிஷப்மாருக்கு அப்படி ஒரு அதிகாரம் எங்கே இருக்கிறது? 1911, 1949 சட்டங்களுக்குப் பிறகு முழுப் பிரபுக்கள் சபையும் ஒன்றாக நின்றாலும் ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தடிக்கலாம், அவ்வளவுதான். 800க்கு மேல் ஆட்கள் உள்ள சபையில் 26 பேர். 23ஐயும் 26ஐயும் பக்கத்தில் வைத்துக் கணக்கன் காட்டியது கணக்கு இல்லை, கண்கட்டு.

எனக்கும் பிஷப்மாரோடு கோபம் உண்டு. 1985இல் நகரத்து வறுமை பற்றி ஓர் அறிக்கை விட்டார்கள், அரசாங்கத் தரப்பில் ஒருவர் அதைச் சுத்த மார்க்சியம் என்று திட்டினார். திட்டியது சரி என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். 2013இல் வெல்பி வட்டிக்கடை நிறுவனமான வோங்காவைப் போட்டியிட்டே மூடப்போகிறேன் என்று முழங்கினார், அடுத்த நாளே திருச்சபையின் ஓய்வூதியப் பணம் சுற்றிவளைத்து அதே வோங்காவில் போய்க் கிடப்பது வெளியே வந்தது. சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அவரும் வெட்கப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறார்கள் என்பதற்காக எழுப்பி அனுப்ப முடியுமா? பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை பார்வையாளர் மாடத்தில் போய் இருந்தேன். சபை தொடங்கும்போது ஒரு பிஷப் பிரார்த்தனை வாசிப்பார், அது முடிந்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். (அந்தப் பிரார்த்தனையைக் கேட்கத்தான் நான் போனேன் என்பது வேறு கதை.) மேலிருந்து பார்த்தால் அரியணைக்குப் பக்கத்தில் சிவப்புத் தோல் வாங்கு. மற்ற வாங்குகளுக்குக் கைப்பிடி இல்லை, பிஷப்மார் இருக்கும் முன்வாங்குக்கு மட்டும் உண்டு. குடித்துவிட்டு விழாமல் இருக்கத்தான் என்று ஒரு பழைய பகிடி. அன்றைக்கு அந்த நீள வாங்கில் வெள்ளைக் கை வைத்த அங்கியோடு ஒரே ஒரு பிஷப், மடியில் காகிதக்கட்டு. உங்கள் மதவாத ஆட்சி அவ்வளவுதான், தம்பி.

ராப்பணி | 21 செப்டம்பர், அதிகாலை 4.20

நைட் டூட்டி பிரேக்ல இருக்கேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

கணக்கன் சார், நான் வேலை பாக்கிறது கடைசிக் காலத்து நோயாளிங்க இருக்கிற வார்டு. அரசியல் எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை மட்டும் தெரியும்: "பாரம்". போன மாசம் நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் இருந்தார், எண்பது வயசு. வலி அடங்கித்தான் இருந்துச்சு. வலி மருந்து ஏத்துற டிரைவர் மெஷின் சரியா மாட்டியிருக்கு, மருந்து ஓடுது. ஆனா மக வந்துட்டுப் போற ஒவ்வொரு வாட்டியும் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்கு லீவு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கேட்டியாம்மா"ன்னு கேப்பார். வலியை விட அதுதான் அவரைத் தின்னுச்சு. இப்ப ஒரு ஃபாரத்தை நீட்டினா அவர் வலிக்காகவா கையெழுத்துப் போடுவார்? மகளோட லீவுக்காகப் போடுவார்.

இதைத்தான் லண்டன் பிஷப் சாரா மல்லாலி சொல்றாங்க. அவங்க சும்மா அங்கி போட்ட ஆள் இல்ல. நர்ஸ். இங்கிலாந்தோட தலைமை நர்ஸா 1999ல இருந்து 2004 வரைக்கும் இருந்தவங்க. கடைசிக் காலத்து நோயாளிங்களைப் பாக்கிற ஹாஸ்பிஸுக்கு அரசாங்கம் தர்ற காசு செலவுல மூணுல ஒரு பங்கு அளவுதான், மீதி பழைய துணிக் கடையும் மாரத்தான் ஓட்டமும். அதைச் சரி பண்ணாம சாகிற வழியை மட்டும் சட்டமாக்குறது எனக்கும் ஒப்பலை.

ஆனா பிஷப்புங்கிறதுக்காக ஒருத்தருக்கு ஓட்டு இருக்கணுமான்னு கேட்டீங்கன்னா... யோசிக்கணும்.

கணக்கன் | 21 செப்டம்பர், காலை 9.55

சகோதரி, உங்கள் பெரியவரை மறக்க மாட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நீங்களே என் வேலையை முடித்துவிட்டீர்கள். மல்லாலியை நர்ஸாகவே ஆயுட்காலப் பிரபுவாக நியமிக்கலாமே? தொப்பி எதற்கு? அதோடு பிஷப் என்றால் ஒரே குரல் என்பதும் இல்லை. ஓய்வுபெற்ற கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி 2014இலேயே இந்த உரிமையை ஆதரித்தார். டெஸ்மண்ட் டூட்டுவும் ஆதரித்தார். பதவியில் இருக்கும்வரை ஒரு பேச்சு, இறங்கியபின் ஒரு பேச்சு என்றால் அந்த இருக்கை மனசாட்சியைத் திறக்கிறதா, பூட்டுகிறதா?

லிங்கம் ஐயா, 26 பேர் ஒன்றும் செய்ய முடியாது என்கிறீர்கள். பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டலாம்.

1810. கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. அதை நீக்கச் சாமுவேல் ரோமிலி மசோதா கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் எதிர்த்து வாக்களித்தவர்களில் கேன்டர்பரியும் இன்னும் ஆறு பிஷப்புகளும்.

1831. ஓட்டுரிமைச் சீர்திருத்த மசோதா. 158க்கு 199 என்று தோற்றது. வித்தியாசம் 41. எதிர்த்த பிஷப்புகள் 21 பேர். அந்த 21 பேரும் இந்தப் பக்கம் வந்திருந்தால் 179க்கு 178, மசோதா ஜெயித்திருக்கும். கண்கட்டு இல்லை ஐயா, கூட்டிப் பாருங்கள். அந்த அக்டோபரில் பிரிஸ்டலில் கலவரம் வெடித்துப் பிஷப்பின் மாளிகையையே ஜனங்கள் கொளுத்தினார்கள்.

மூன்றாவது, நம் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும். மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டிக்கொள்வது அந்தக் காலத்தில் இங்கே சட்டப்படி செல்லாது. அதை மாற்ற ஐம்பது அறுபது வருடம் மசோதா மேல் மசோதா. முன்வரிசையில் நின்று மறித்தவர்கள் பிஷப்புகள். 1907இல்தான் வழி பிறந்தது. எங்கள் ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே, "குழந்தையைப் பார்த்துக்க வெளியாளா வேணும், சின்னவளையே கட்டி வைங்க" என்று பெரியவர்கள் பேச்சை எடுத்துவிடுவார்கள். அந்தச் சாதாரண விஷயத்தை வேதாகமத்தைக் காட்டி அரை நூற்றாண்டு தடுத்த கூட்டம் இது.

லெஸ்டர் லிங்கம் | 21 செப்டம்பர், மதியம் 12.10

கூட்டல் சரி. அதே பிஷப்மார் பின்னால் எங்கே நின்றார்கள் என்பதையும் எழுது தம்பி. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க 1960களில் முயன்றபோது ஆதரித்துப் பேசியவர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் மைக்கேல் ராம்சே. தூக்குத் தண்டனை ஒழிப்புக்கும் அவர் ஆதரவு. சூதாட்டக் கடைகளில் ஒரு தட்டலுக்கு 100 பவுண் வரை விழுங்கிய இயந்திரங்களின் உச்சவரம்பு 2019இல் 2 பவுணாக இறங்கியது, அதற்காகச் சலிக்காமல் பேசினவர்களில் ஒருவர் செயின்ட் ஆல்பன்ஸ் பிஷப். லெஸ்டரில் அந்த இயந்திரத்துக்கு முன்னால் சம்பளத்தைக் கொட்டின எங்கள் பெடியன்களை எனக்குத் தெரியும்.

கணக்கன் | 21 செப்டம்பர், மதியம் 12.22

2013இல் ஒருபால் திருமணச் சட்டத்தை முறியடிக்க வந்த திருத்தத்துக்கு 9 பிஷப்புகள் வாக்களித்தார்கள். அந்தத் திருத்தத்தை எதிர்த்து ஒரு பிஷப்கூட வாக்களிக்கவில்லை. ராம்சே இப்போது இல்லை ஐயா.

நாசரேத்துக்காரன் | 27 செப்டம்பர், காலை 7.30

ஒரு வாரமா வாசிச்சுட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு எழுதாம இருக்க முடியல, ஏன்னா இன்னைக்கு எங்க சபை பிறந்தநாள். 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆச்சு.

முதல்ல பேர்க் குழப்பம். நல்லவேளை எல்லாரும் "பிஷப்"னே எழுதுதீங்க. எங்க சி.எஸ்.ஐ.ல பிஷப்பைப் பேராயர்ம்போம். கத்தோலிக்கருக்குப் பிஷப் ஆயர், ஆர்ச்பிஷப்தான் பேராயர். லிங்கம் அண்ணாச்சி ஊர்லயும் அப்படித்தான். ஒரே வார்த்தைக்கு ரெண்டு பதவி.

நான் கிறிஸ்தவன். ஞாயித்துக்கிழமை ஆராதனை தவறினதில்ல. நான் சொல்லுதேன், அந்த 26 பேரும் வெளிய வரணும். கணக்கன் சொல்ற காரணத்துக்காக இல்ல, சபைக்காக.

அந்த இருக்கைக்கு விலை என்ன தெரியுமா? பிஷப்பை யார் வைக்கணும்னு சபைக் குழு ஒரு பேரை எழுதிப் பிரதமர் கையில கொடுக்கணும், அவர் ராஜாவுக்குச் சொல்லணும். ரிஷி சுனக் பிரதமரா இருந்தப்ப அவர் வீட்டு வாசல்ல தீபாவளி விளக்கு, மேசையில பிஷப் நியமன ஃபைலு. எனக்கு அவர் மேல வருத்தமில்ல. வேடிக்கை என்னன்னா, கத்தோலிக்கரோ யூதரோ பிரதமரானா இந்த யோசனை சொல்லக் கூடாதுன்னு 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ரெண்டு இருக்கு. இந்துவைப் பத்தி அந்தக் காலத்துல யாருக்கும் நினைப்பே வரல!

எங்க ஊர்ப் பேராயருக்கு டெல்லியிலயும் சென்னையிலயும் ஒரு நாற்காலி கிடையாது. அப்படியும் சபைத் தேர்தல்னு வந்தா கட்சித் தேர்தல் பிச்சை வாங்கணும். போஸ்டர் என்ன, பந்தி என்ன, கோர்ட் வழக்கு என்ன. இதுல ராஜ்யசபா சீட்டும் இருந்துச்சுன்னா? ஐயோ சாமி.

வெல்பி கதை பாருங்க. ஜான் ஸ்மைத்ங்கிற ஆள் பையன்களை அடிச்சுச் சித்திரவதை பண்ணின விவகாரத்துல 2024 நவம்பர்ல மேக்கின் விசாரணை அறிக்கை வந்து, அவர் ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. டிசம்பர்ல பிரபுக்கள் சபையில விடைபெறும் பேச்சு. பாதிக்கப்பட்டவங்க வீட்ல உக்காந்து பாக்காங்க, இவர் ஜோக் அடிச்சுட்டு இருக்கார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சிவப்பு வாங்கு ஒரு மனுஷனை அப்படி ஆக்கிருது.

வன்னிமகள் அக்கா, உங்க நாட்டு உதாரணமே சொல்லுதேன். குருநாகல் பிஷப் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 83 கலவரத்துக்கு அப்புறம் சிங்களவர் தமிழர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு எழுதினவர், அவரே சிங்களவர். எந்தப் பாராளுமன்றத்துலயும் அவருக்கு இருக்கை இல்ல. அந்தக் குரலுக்கு எடை குறைஞ்சுதா?

வன்னிமகள் | 27 செப்டம்பர், இரவு 8.15

தம்பி, அந்தப் பேரை நீங்கள் எடுத்ததுக்கு நன்றி. என்ட அப்பா அவரைக் கும்பிடுவார். அவர் கோயிலுக்குப் போற மனிசன், எண்டாலும்.

உண்மைதான், எடை குறையேல்ல. ஆனா ஆர் கேட்டது? அதே 83 ஓகஸ்டில இலங்கை அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாடு கேக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணாட்டி இருக்கை இல்லை. எங்கட எம்பிமார் பண்ணேல்ல, இருக்கை போட்டுது. எங்கட ஆக்கள் இல்லாத சபையில கை உயர்த்திக் கை உயர்த்தி எல்லாம் நிறைவேறிச்சுது. அந்த ஆயர் மேய்ப்பர் மடல் எழுதினவர், ஒக்டோபரில செத்தும் போனார். நல்ல மனிசன் வெளியில நிண்டு கத்தினார், உள்ளுக்குச் சட்டம் ஓடிச்சுது. இதை நான் கண்டனான். அதாலதான் சொல்லுறன், ஒருத்தராவது உள்ளுக்க இருக்கட்டும். தோத்தாலும் சபைப் பேச்செல்லாம் எழுதி வைக்கிற ஹன்சார்டில பதிவாகும்.

இங்க இரண்டு பிள்ளைக்கு மேல உதவிப்பணம் இல்லை எண்ட சட்டம் 2017 ஏப்ரலில வந்தது. என்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூண்டாவது பிறந்தது. "அன்ரி, இவன் கணக்கில இல்லாத பிள்ளை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுவாள். அந்தச் சட்டத்தை எடுக்கச் சொல்லி 2022இல தனி மசோதா கொண்டுவந்தது ஆர்? டர்ஹம் பிஷப். லேபரும் இல்லை, மற்றவையும் இல்லை.

கணக்கன் | 27 செப்டம்பர், இரவு 9.02

அந்த மசோதா என்ன ஆனது அக்கா? சட்டமாகவே ஆகவில்லை. 2012இல் வீட்டுக்கு 26,000 பவுண்ட் என்று உதவிப்பண உச்சவரம்பு வந்தபோது, குழந்தைப் படியை அதில் சேர்க்காதீர்கள் என்று ரிப்பன் பிஷப் திருத்தம் கொண்டுவந்தார். 252க்கு 237, ஜெயித்தார்! கொஞ்ச நாளில் காமன்ஸ் அதைத் தூக்கிப் போட்டது. ஏழைக்கு உதவ நினைத்தால் பலம் இல்லை. 1831 மாதிரி தடுக்க நினைத்தால் பலம் உண்டு. என் குறை இதுதான்.

நாசரேத் அண்ணன் சொன்ன விக்கிரமசிங்க பற்றி நீங்கள் எழுதியதற்கு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எழுதி அழித்துவிட்டேன்.

லெஸ்டர் லிங்கம் | 28 செப்டம்பர், காலை 11.40

எல்லாருக்கும் இடம் கொடுங்கள் என்று, பிரபுக்கள் சபையைச் சீர்திருத்த வைத்த வேக்கம் ஆணைக்குழு 2000இல் சொன்னது: ஆங்கிலிக்கன் 16, மற்றக் கிறிஸ்தவ சபைகளுக்கு 10, பிற மதத்தாருக்குக் குறைந்தது 5. பரணில் ஏறிவிட்டது. 2012 மசோதா 12 பிஷப்மார் போதும் என்றது, அதுவும் கைவிடப்பட்டது.

கேட்க நல்லாயிருக்கும். இந்துக்கள் சார்பில் யாரை அனுப்புவோம்? எங்கள் பக்கத்துக் கோயிலில் தலைவர் யார் என்பதே இன்னும் தீரவில்லை. இரண்டு கமிட்டி, இரண்டு வங்கிக் கணக்கு, தேருக்கு இரண்டு தேதி. பிரபுக்கள் சபைக்கு யார் போவது என்று கேட்டால் மூன்றாவது கமிட்டி ஒன்று பிறக்கும்.

நாசரேத்துக்காரன் | 28 செப்டம்பர், மதியம் 12.05

அண்ணாச்சி, அதுக்குத்தான் யாரும் வேண்டாம்னு சொல்லுதேன். 😄

ராப்பணி | 3 அக்டோபர், மாலை 6.50

செய்தி பாத்தீங்களா? சாரா மல்லாலிதான் அடுத்த கேன்டர்பரி ஆர்ச்பிஷப். முதல் பெண்! எங்க வார்டுல கென்யாக்கார சிஸ்டர், பிலிப்பைன்ஸ் சிஸ்டர், நான், மூணு பேரும் மருந்து டிராலி பக்கத்துல நின்னு கை தட்டினோம். நான் சர்ச்சுக்குப் போறவகூட இல்ல.

கணக்கன் | 3 அக்டோபர், இரவு 7.04

மனமார்ந்த வாழ்த்துகள் சகோதரி, நர்ஸ் ஒருவர் அங்கே போவது எனக்கும் சந்தோஷம். எத்தனை பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

வன்னிமகள் | 3 அக்டோபர், இரவு 7.10

தம்பிக்கு நல்ல நாளிலயும் கணக்குத்தான்.

ராப்பணி | 3 அக்டோபர், இரவு 7.13

சார், உங்களுக்குப் பதில் இருக்கு, ஆனா ஏழரைக்கு ஹேண்ட்ஓவர். இன்னைக்கு ஆறாம் பெட்டுக்குப் புது ஆள் வந்திருக்கார், தமிழ் மட்டும்தான் பேசுறாராம், என்னைத்தான் தேடுறாங்க. காலைல எழுதுறேன்.